கண்டிச்சீமையின் அம்பலமும் ஊர்ச்சபையும்

அம்பலம் என்னுஞ் சொல்லைக் கேட்டதும் தில்லையே நம் நினைவில் எழும். ஆயினும் பலருங் கூடுதற்குரிய வெளியிடம் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மறைந்திருந்த செய்தி ஊரறிய வெளிப்பட்டபோது 'அம்பலமாயிற்று' என்று இன்றும் கூறுகின்றோம். கண்டிநாட்டுச் சிங்களத்திலே 'அம்பலம' என்பது வழிப்போக்கர் தங்குவதற்கும் ஊரார் கூடியிருந்து பேசுவதற்கும் அமைந்த மண்டபத்தைக் குறிக்கும். கண்டி நகரினின்றும் உடுநுவரைப் பக்கஞ் செல்வோர், எம்பெக்கே தேவாலயத்துக்கு அணித்தே கற்றூண்கள் மாத்திரம் எஞ்சிநிற்கும் பழைய அம்பலம் ஒன்றைக் காணலாம். தேவாலயத்து மரச்செதுக்கு வேலைப்பாட்டைக் காண வருவோர் பலர். இத்தூண்களின் முன் நிற்போர் சிலரே. மரத்திற் செதுக்கியது நிலைத்துவிட்டது. தூண்களுக்கிடையே இருந்து பேசியோரின் பேச்சு காற்றோடு போயிற்று. அப்பேச்சைப் பற்றி நாம் எவ்வளவு அறியக்கூடும், எவற்றைக் கொண்டு அறியக்கூடும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

நல்வாய்ப்பாக ஒரு சான்று உண்டு. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரத்தருகே பிடிபட்டுக் கண்டியரசனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679இல் தப்பிச்சென்று, 1681இல் இலண்டனிலே தம் நூலை வெளியிட்டார். அவர் நெடுநாள் குடியிருந்த எலதெட்ட என்னும் ஊரும் உடுநுவரையைச் சேர்ந்ததே. ஊரார் ஓய்வு வேளைகளில் அம்பலத்திலே கூடுவர் என்றும், வெற்றிலை மென்றுகொண்டு ஒருவரையொருவர் மிக்க முகப்பொலிவின்றி, நிதானமாக நோக்கியவண்ணம், அரசனுக்கும் பிரதானிகளுக்குமிடையே நடப்பவற்றையும் தங்கள் மாடு கன்று பயிர் பற்றியும் பேசுவர் என்றும் அவர் எழுதுகின்றார். வேற்றுநாட்டார் எவரையேனுங் கண்டால், உங்கள் நாட்டுச் சட்டம் யாது, அரசனுக்கு நீங்கள் செலுத்தும் வரி எவ்வளவு என்று வினவுவார்களாம். இவ்வினா நம் கவனத்துக்குரியது. தம் அரசை மற்றோர் அரசோடு ஒப்புநோக்குவோர் அதனை மாற்றமுடியாத இயற்கையாகக் கருதுவதில்லை. இரண்டாம் இராசசிங்கனைக் கொடுங்கோலனென்று பக்கம் பக்கமாகச் சித்திரித்த அதே நொக்ஸ், அவன் குடிகள் வரியைப்பற்றி வெற்றிலையோடு விவாதித்ததையும் மறையாது எழுதியமை அவர் நேர்மைக்குச் சான்றென்க.

நொக்ஸ் எலதெட்டவிலே வாழ்ந்த அக்காலத்திலேதான் இலண்டன் மாநகரிலும் மக்கள் காப்பிக்கடைகளிற் கூடி அரசியல் பேசத் தொடங்கியிருந்தனர். அதனைப் பொறாத இரண்டாஞ் சார்ள்ஸ் மன்னன் 1675 டிசம்பரிலே அக்கடைகளை மூடுமாறு பிரகடனஞ் செய்து, எதிர்ப்புக் கண்டு சின்னாட்களில் அதனைக் கைவிட்டான். செருமானிய அறிஞர் யூர்கன் ஹாபர்மாஸ் 1962இல் வெளியிட்ட நூலிலே, பொதுமக்கள் கூடி நியாயம் பேசும் பொதுக்களம் ஒன்று உருவானமைக்கு இக்காப்பிக்கடைகளைச் சிறந்த சான்றாகக் கொண்டார். உடுநுவரை அம்பலத்துக்கு அத்தகைய ஆசிரியர் வாய்த்திலர். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. காப்பிக்கடையின் பேச்சு அச்சேறிப் பத்திரிகையாயிற்று. அம்பலத்தின் பேச்சு அங்ஙனம் ஆகவில்லை.

ஹாபர்மாசின் நூலுக்குப் பின்னர் எழுந்த ஆராய்ச்சியாளர், பொதுக் கலந்தாய்வு என்பதனைப் புகழ்ந்து பேசுவதோடு அமையாது, நேரிற் கண்டும் எண்ணியும் அளந்தும் அறிய முற்பட்டனர். 2003இல் ஸ்ரீன்பேர்கன், பாக்டிகர், ஸ்பேர்ண்ட்லி, ஸ்ரைனர் என்னும் நால்வர், சபையிற் பேசுவோர் தம் கருத்துக்குக் காரணங் காட்டுகின்றனரா, மாற்றாரை மதிக்கின்றனரா, இணக்கத்துக்கு வழி தேடுகின்றனரா என்பவற்றை அளவிடுதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். அவர்கள் அளந்தது பாராளுமன்றப் பேச்சு. அங்கே ஒவ்வொரு சொல்லும் அச்சிலுள்ளது. கண்டிநாட்டு ஊர்ச்சபைக்கு அவ்வளவுகோலை அப்படியே கொண்டுசெல்ல இயலாது. எனினும் எளிய வினாக்கள் மூன்று எஞ்சுகின்றன: சபையில் இருக்க உரிமை பெற்றோர் யாவர்? இருந்தோருட் பேசினோர் யாவர்? பேசினோருள் மறுமொழி பெற்றோர் யாவர்? இம்மூன்று விளக்குகளையுங் கையிற் கொண்டு கண்டிநாட்டு வரலாற்றினுட் புகுவாம்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபின் அங்கு பிரதிநிதியாயிருந்து 1824இற் காலமான ஜோன் டொயிலி, கண்டியரசின் அமைப்பைப் பற்றி எழுதிவைத்த குறிப்பு கிடைத்துள்ளது. ஊருக்கு ஊர் இருந்த 'கம்சபா' என்னும் ஊர்ச்சபையைப் பற்றி அதிலே காண்கின்றோம். ஊரின் முதன்மையும் அனுபவமும் உடையோர் அம்பலத்திலோ மரநிழலிலோ கூடுவர். காணி எல்லை, கடன், சிறு களவு, சச்சரவு என்பனவே அவர்முன் வரும் வழக்குகள். விசாரித்துப் பிழை யார்மேல் என்று கூறுவர். இழந்ததை மீட்டுக்கொடுக்கச் செய்வர். சிலபோது கண்டித்து அனுப்பிவிடுவர். தண்டித்தல் அவர் நோக்கமன்று, இணக்குதலே நோக்கம் என்று டொயிலி தெளிவாகக் கூறுகின்றார். நாளை காலையும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்ச வேண்டிய இருவருக்குத் தண்டனையால் யாது பயன்? அச்சபையார் கண்ட உண்மை இதுவே.

இக்குறிப்பைப் படிக்கும் மாணவர் பலர் உள்ளங்குளிர்ந்து, கண்டிநாட்டிலே பூரண சனநாயகம் நிலவியது என்று எழுதிவிடுகின்றனர். அவ்வளவு தூரஞ் செல்லுதல் பொருந்தாது. 'முதன்மையும் அனுபவமும் உடையோர்' என்னுந் தொடரே பலரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. காணியில்லாதார், ஊழியக் குலத்தார், பெண்டிர் என்போர் வழக்குடையவராய் அச்சபைமுன் வந்திருக்கலாம். வழக்குரைப்பது வேறு, சபையிருப்பது வேறு. நம் சோழநாட்டு உத்தரமேரூரிலும் இதே நிலைதான். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரியத்தாரைத் தெரியும் முறையை வியக்கத்தக்க நுட்பத்தோடு விதிக்கின்றது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக்கூடாதென்னும் விதி இன்றைய சபைகளும் கற்கத்தக்கது. ஆனால் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதும், மறைக் கல்வியும் உடையவனே தகுதியுடையான். யாவர் இருக்கலாம் என்பதற்கு இத்துணைச் சான்று தரும் அக்கல்வெட்டு, அங்கிருந்தோர் யாது பேசினர் என்பதற்கு ஒரு சொல்லுந் தரவில்லை.

ஊர்ச்சபையை விட்டு அரச சபைக்கு வருவோம். கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபத்திலே 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. ஒப்பமிட்ட பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்தைக் கையாண்டமை பலரும் அறிந்த செய்தி. நாயக்கர் காலத்துக் கண்டியரசவையில் தமிழுக்கிருந்த இடத்தை அது காட்டுகின்றது. ஆனால் அவ்வுடன்படிக்கையின் மூன்றாம் பிரிவைப் படிப்போர் குறைவு. பதவியிழந்த மன்னனின் ஆண் உறவினர் அனுமதியின்றிக் கண்டிமாகாணங்களுட் புகலாகாது. வெளியேற்றப்பட்ட 'மலபாரி' ஆண்கள் திரும்பி வரலாகாது. 'மலபாரி' என்று ஆங்கிலேயர் அக்காலத்திற் குறித்தது தமிழர் முதலிய தென்னிந்தியரையே. தமிழெழுத்து ஒப்பமாக நின்ற அதே தாளிலே தமிழர் சிலரை வெளியே நிறுத்தும் வாசகமும் நின்றது. அம்மண்டபத்தில் அன்று நடந்ததைக் கலந்தாய்வு என்றுங் கூறுவதற்கில்லை. முன்னரே முடிந்ததொன்றை உரத்து வாசித்தனர், அவ்வளவே.

வாசித்துக் கேட்பிக்கும் இவ்வாட்சிமுறையின் விளைவு 1848இல் வெளிப்பட்டது. துப்பாக்கி, நாய், கடை, வண்டி என்பவற்றின் மீது வரியும், ஆறு நாள் வீதிவேலை அல்லது அதற்கீடான பணமும் விதிக்கப்பட்டன. எவரையுங் கேட்டு விதிக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை முற்பகுதியிலே ஆயிரக்கணக்கான குடியானவர் கண்டிக் கச்சேரியின் முன் வந்து திரண்டனர். திருப்தியான மறுமொழி கிடைத்திலது. அம்மாத இறுதியிலே மாத்தளைப் பக்கத்திற் கலகம் மூண்டது. ஓகஸ்டு 8இல் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். இலண்டனிற் பாராளுமன்றக் குழு விசாரித்தது. தேசாதிபதி டொறிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். கச்சேரி வாயிலிலே கேட்கத்தவறியதைக் கடல்கடந்து கேட்கவேண்டியதாயிற்று.

இதன்பின் ஆட்சியாளர் பழைய ஊர்ச்சபையை நினைவுகூர்ந்தனர். தேசாதிபதி உவாட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசன வழக்கங்களை வயற்காரர் கூடித் தீர்மானிக்க வழிசெய்தது. தேசாதிபதி றொபின்சன் காலத்து 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கிராமச் சங்கங்களையும் சிறு வழக்குகளை விசாரிக்கும் கிராம நீதிமன்றங்களையும் ஏற்படுத்தியது. பழையது மீண்டும் உயிர்பெற்றதென்று புகழ்ந்தோர் உண்டு. உயிர் பெற்றது உண்மை, உடல் வேறு. ஊரார் மதிப்பினால் முன்னிருந்த மூத்தோனுக்குப் பதிலாக, அரசாங்க உத்தியோகத்தரான இரட்டே மகாத்மயா தலைமையிருக்கக் காண்கின்றோம். ஏசண்டுத்துரைக்கு அறிக்கை போகவேண்டும். அறிக்கையில் இடம்பெறுவது தீர்மானம். தீர்மானத்துக்கு முன் நிகழ்ந்த வாக்குவாதம் அன்று.

ஈண்டு நம் ஆராய்ச்சியின் மையத்துக்கு வருகின்றோம். 1871இற் சட்டமியற்றியபோது கண்டிநாடு 1815இன் கண்டிநாடாக இருந்திலது. 1820களிலே கம்பளைக்கருகே சின்னப்பிட்டியிலும் பேராதனைக்கெதிரே கன்னொறுவையிலும் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை மலைகளை மூடியிருந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை நட்டாயிற்று. மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மன்னார்க் காட்டுவழியே நடந்துவந்த தமிழ்மக்கள் இலட்சக்கணக்கில் இங்கு உழைத்தனர். அவர்கள் இந்நாட்டுக்கு இட்ட பெயரே 'கண்டிச்சீமை'. ஒரு கிராமத்தின் வயலுக்கு மேலேயுள்ள மலைச்சரிவு தோட்டமாக இருக்கும். தோட்டத்து ஓடையே கிராமத்து வாய்க்காலாக இறங்கும். இருசாராருக்கும் வழி ஒன்றே. ஆயினும் சட்டத்தின் கண்ணிலே தோட்டம் கிராமமன்று. ஊர்ச்சபை புத்துயிர் பெற்றபோது, அவ்வூரின் தலைமேலே வாழ்ந்த மக்கட் கூட்டமொன்று சபைக்கு வெளியே நின்றது.

தோட்டத்திலும் மக்கள் நாள்தோறுங் கூடும் இடம் ஒன்று இருந்தது. அதற்குப் பிரட்டுக்களம் என்று பெயர். விடியுமுன் அங்கு கூடி நிற்போரை எண்ணி, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவர். அங்கே பேசுவோர் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும், மற்றையோர் கேட்போர். கூட்டம் வேறு, சபை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா. தொழிலாளர் தமக்குள் ஆராய்ந்து முடிவுசெய்யும் உரிமை பெற்ற இடம் மாரியம்மன் கோயில் வாசலே எனலாம். திருவிழாவுக்கு நாள் குறித்தல், வீட்டுக்கு இவ்வளவு என வரி வகுத்தல், கரகம் எடுப்போர் யார் காமன் கூத்தாடுவோர் யார் என்று முடிவுசெய்தல் ஆகியவற்றிலே காரணங் காட்டலும் மறுத்தலும் இணங்கலும் எல்லாம் உண்டு. நம்மவர் சமய வரலாற்றை எழுதுவோர் இவ்வாசலையுஞ் சற்று நோக்குவாராக.

கிராமச் சங்க வாக்குரிமைப் போராட்டம் 1937இல் உச்சமடைந்தது. 1931இலே டொனமூர் யாப்பின்படி சர்வசன வாக்குரிமை வந்து, தோட்டத் தமிழருட் பலர் அரசாங்க சபைக்கு வாக்களித்துவிட்டனர். ஆனால் தம் லயத்துக்குக் கீழேயுள்ள கிராமத்தின் சங்கத்துக்கு அவர் வாக்களிக்க முடியாதிருந்தது. சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது, அதுவரை விலக்கப்பட்டிருந்த ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் வாயில் திறந்தது. தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குத் திறக்கவில்லை. இந்திய அரசாங்கம் இதனை ஆட்சேபித்தது. அதன்பின் வாசகம் மாறியது: எவ்வினத்தவராயினுந் தோட்டத்தில் வசிக்குந் தொழிலாளருக்கு உரிமையில்லை என்றாயிற்று. இனத்தின் பெயர் நீங்கிற்று; விலக்கு நீங்கவில்லை.

எதிர்த்தோரின் அச்சம் வெறும் பொய்யென்று ஒதுக்குதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் காடும் சேனையும் இழந்த கண்டிக் குடியானவனுக்கு, தன்னூர்ச் சங்கமும் தோட்டத்தின் கைக்குப் போய்விடுமோ என்ற கலக்கம் இருந்தது. 1927இலே கண்டியத் தேசிய மகாசபை டொனமூர் ஆணைக்குழுவின் முன் சமஷ்டி கேட்டதும் இக்கலக்கத்தோடு தொடர்புடையதே. ஆனால் அவன் காணியைக் கொண்டது தோட்ட முதலாளி. வாயில் அடைபட்டது தோட்டக் கூலிக்கு. இருவரும் ஓர் அம்பலத்தில் இருந்து பேசியிருப்பின் இவ்வேறுபாடு வெளிப்பட்டிருக்கக்கூடும் என்பது என் கருத்து. 1939 ஜூலையிலே இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியிலே கண்டிக்கு அயலான முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்திலே கோவிந்தன் என்னுந் தொழிலாளி பொலிசாராற் சுடப்பட்டு இறந்தார். பின்னர் ஆணைக்குழு விசாரித்தது. கச்சேரி வாயிலில் 1848இற் கண்ட அதே ஒழுங்கு.

பின்வந்தவற்றை விரிக்க வேண்டா. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் பெருவாயிலையே அடைத்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அது படிப்படியாகவே திறந்தது. நம் பொருளுக்கு வேண்டுவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். இப்போது தோட்டத்து மக்கள் வாக்களித்தனர், உறுப்பினரையும் அனுப்பினர். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டப் பகுதிக்குச் செலவிடத் தடையாக நின்றது. உறுப்பினர் எழுந்து தம் தோட்டத்து வழியைச் செப்பனிடுமாறு கேட்கலாம். சட்டம் இடந்தரவில்லை என்பதே மறுமொழி. 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. 1871இலிருந்து எண்ணினால் நூற்றுநாற்பத்தேழு ஆண்டுகள். முதல் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் உள்ள தூரம் அவ்வளவு நீண்டது.

மூன்றாம் வினாவை அளவிடுதல் இயலுமா என்று ஐயுறுவோர்க்குத் தமிழ்நாட்டு ஆராய்ச்சி விடை தருகின்றது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் கிராமசபை சட்டத்தால் நிலைபெற்றது. பரோமிதா சன்யாலும் விஜயேந்திர ராவும் தென்னிந்திய மாநிலங்கள் நான்கிலே ஏறத்தாழ 300 கிராமசபைக் கூட்டங்களின் பேச்சைப் பதிவுசெய்து சொல்லுக்குச் சொல் எழுதுவித்து ஆராய்ந்தனர். ஏழைகள் அங்கு வந்து குடிநீருக்கும் வழிக்குமாகப் பேசியது மாத்திரமன்றி, தம் மானத்தை நிலைநாட்டவும் அச்சபையைப் பயன்படுத்தினர் என்று கண்டனர். 2019இல் ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசுவாமி என்போர் தமிழ்நாட்டுக் கிராமசபைகளின் எழுத்துப்படிகளை மட்டும் எடுத்து, யார் பேசினர், யார் எடுத்த பொருளை மற்றோர் தொடர்ந்தனர், உத்தியோகத்தர் எவருக்குப் பொருத்தமான மறுமொழி கூறினர் என்று கணக்கிட்டனர். பெண்கள் பேசுவது குறைவு. அவர்கள் எடுத்த பொருள் நிலைப்பது குறைவு. அவர்கள் மறுமொழி பெறுவதுங் குறைவு என்பது வெளிப்பட்டது. ஆனால் இடஒதுக்கீட்டினாற் பெண்ணொருவர் தலைவராயிருந்த ஊர்களிலே பெண்களின் வினாவுக்கு மறுமொழி கிடைப்பது கூடியிருந்தது. தலைமை இருக்கையில் யார் என்பது, கேட்போர் செவியையே மாற்றுகின்றது.

இலங்கையிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி மக்கள் கருத்தறியும் குழு 2016இலே மாவட்டந்தோறும் அமர்ந்து கேட்டது, கண்டியிலும் அமர்ந்தது. குழுவினர் ஒத்துப்போகாத இடங்களில் வேறுபட்ட முன்மொழிவுகளை மறைக்காமல் அறிக்கையில் அடுத்தடுத்து வைத்தனர். அவ்வறிக்கையிற் பிறந்த அரசியலமைப்பு எதுவுமில்லை; எனினும் முடிவை மாத்திரம் எழுதிப் பேச்சை விட்டுவிடும் 1871ஆம் ஆண்டு வழக்கத்தினின்றும் அது விலகியது.

கண்டிக்கு அயலிலுள்ள பிரதேச சபைகள் சிலவற்றிலே கிராமத்து உறுப்பினருந் தோட்டத்து உறுப்பினரும் ஒருங்கே அமர்கின்றனர். நம் மாணவர் ஒருவர் குறிப்பேடு ஒன்றை எடுத்து, ஓராண்டு அமர்வுகளிலே யார் எழுந்தார், எந்த மொழியிற் பேசினார், எத்தனை பேர் அவர் எடுத்த பொருளைத் தொடர்ந்தனர், மறுமொழி அன்றே வந்ததா அடுத்த அமர்வுக்குத் தள்ளப்பட்டதா என்று எழுதிவருவாராயின் அது சிறந்த வரலாற்று மூலமாகும். பெரிய பொருளை நாடிச் செல்ல வேண்டுவதில்லை. தேயிலை மலைக்கும் அடிவாரக் கிராமத்துக்கும் இடையே ஏறியிறங்கும் ஒரு வழியைச் செப்பனிடுவது பற்றிய விவாதமே தொடக்கத்துக்குப் போதும்.